கொரோலாவுக்கு கியர் நாப்: “எல்லா காருக்கும் பொருந்தும்” என்பதை நம்பலாமா?

ஓரப்பாதை:
எல்லாருக்கும் வணக்கம். செகண்ட் ஹேண்டில் எடுத்த டொயோட்டா கொரோலா, 5 கியர் மேனுவல். முன்பு வைத்திருந்தவர் ஒரிஜினல் கியர் நாபை, அதாவது கியர் கம்பியின் தலையில் இருக்கும் கைப்பிடியை, கழற்றிவிட்டு ஏதோ ஒரு யுனிவர்சல் நாபை மாட்டியிருக்கிறார், பக்கவாட்டில் மூன்று குட்டி ஸ்க்ரூ கம்பியைக் கவ்விப் பிடிக்குமே, அந்த வகை. அது இப்போது கையோடு சேர்ந்து சுற்றுகிறது, இரண்டிலிருந்து மூன்றுக்கு அவசரமாகத் தள்ளினால் பாதி கழன்று மேலே வந்துவிடுகிறது. எத்தனை முறை ஆலன் கீ போட்டு இறுக்கினாலும் கொஞ்ச நாளில் பழைய கதைதான்.

உருண்டையாக, எஃகில் செய்த நாப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். “எல்லா காருக்கும் பொருந்தும்” என்று போட்டு, கூடவே 8×1.25, 10×1.25, 10×1.5 என்று மூன்று அடாப்டர் தருகிறார்கள். இந்த எண்கள் எனக்குப் புரியவில்லை. இதில் எது என் வண்டிக்கு? கனமான நாப் போட்டால் கியர் வெண்ணெய் மாதிரி விழும் என்கிறார்களே, அதுவும் உண்மையா?

ஸ்பேனர்_செட்:
முதலில் இப்போது இருக்கிற நாபைக் கழற்றுங்கள். அதற்கு முன் எதையும் ஆர்டர் போடாதீர்கள். நாப் பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பது நாப் அல்ல, அதற்குக் கீழே ஒளிந்திருக்கிற கம்பியின் நுனி.

முதல் எண் மரையின் வெளிவிட்டம், இரண்டாவது எண் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, இரண்டுமே மில்லிமீட்டரில். டொயோட்டா மேனுவல்களில் பெரும்பாலும் 12×1.25 தான். ஹோண்டா என்றால் 10×1.5, நிஸ்ஸானும் மஸ்தாவும் பொதுவாக 10×1.25. ஆக அந்த மூன்று அடாப்டரில் எதுவுமே உங்களுக்கு வேலைக்கு ஆகாது. ஆனால் இந்த மாதிரி செட்டில் பல சமயம் நாபின் துளையே 12×1.25 ஆக இருக்கும், சின்ன கம்பிகளுக்குத்தான் அடாப்டர். அப்படியென்றால் அடாப்டரே இல்லாமல் நேராக ஏறிவிடும். விற்பவரிடம் “அடாப்டர் இல்லாமல் உள்ளே என்ன மரை” என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

ஊகத்தில் வாங்கவும் வேண்டாம், நான் சொன்னதை நம்பியும் வாங்க வேண்டாம், அளந்து பாருங்கள். வெர்னியரால் வெளிவிட்டத்தை அளந்தால் 12 மரை கிட்டத்தட்ட 11.8 காட்டும், சரியாக 12 வராது, பயப்படாதீர்கள். அப்புறம் ஒரு மரை உச்சியில் ஆரம்பித்துப் பத்து இடைவெளி தள்ளி இருக்கும் உச்சிவரை அளங்கள். 12.5 வந்தால் 1.25 மரை, 15 வந்தால் 1.5. ஒரே ஒரு மரையை அளந்து முடிவு கட்டினால் தப்பாகத்தான் போகும், வித்தியாசம் கால் மில்லிமீட்டர்தானே.

இன்னொன்று. கையில் இருக்கிற வீல் நட்டைப் போட்டுப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சுசுகி, நிஸ்ஸான், சுபாரு கார்களின் வீல் நட் பெரும்பாலும் 12×1.25, அதனால் அடிமூடாத நட் கிடைத்தால் சோதனைக்கு நல்லது. ஆனால் டொயோட்டாவின் வீல் நட் 12×1.5. உங்கள் வண்டியிலிருந்தே ஒன்றைக் கழற்றிப் போட்டால் ஒன்றிரண்டு சுற்று போய்ச் சிக்கிக்கொள்ளும், கம்பிதான் கெட்டுவிட்டது என்று நினைத்துக் குழம்புவீர்கள். எதைப் போட்டாலும் விரலால் மட்டும் திருகுங்கள். சரியான மரை என்றால் அடிவரை வழுக்கிக்கொண்டு போகும்.

டீசல்புகை:
கனத்தைப் பற்றி நான் சொல்கிறேன். 50 மி.மீ. விட்டமுள்ள முழு உருண்டை எஃகில் சுமார் அரை கிலோ வரும். அதே அளவு அலுமினியத்தில் 175 கிராம், டெல்ரின் பிளாஸ்டிக்கில் 90 கிராம். எஃகு உருண்டையை ஒரு தடவை தள்ளிவிட்டால் அதன் வேகமே கியரை உள்ளே கொண்டுபோய் விடும், கை மணிக்கட்டுக்கு வேலை குறைவு. இது கற்பனை இல்லை, மாற்றிய அன்றே தெரியும். நான் வருஷக்கணக்கில் கனமானதுதான் போட்டிருக்கிறேன், திரும்பப் போகவே மாட்டேன்.

மரக்குமிழ்:
டீசல்புகை அண்ணே, உங்கள் வண்டியின் கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது, அதனால் சொல்கிறீர்கள். இவருடையது பழைய வண்டி. கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருந்தால் கியர் முரண்டு பிடிக்கும், அந்த முரண்டுதான் நமக்குக் கிடைக்கிற எச்சரிக்கை. அரை கிலோ இரும்பை மேலே வைத்தால் அது தெரியாமல் அமுங்கிப் போகும், தேய்மானம் அப்படியே நடந்துகொண்டிருக்கும். கியரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் குலுங்கும் சாலையில் கனத்தாலேயே கியர் நழுவி நியூட்ரலுக்கு வரவும் வாய்ப்பு உண்டு. என் கணக்கு, 200 கிராம் பக்கம் போதும்.

வெயிலில் நிறுத்திய வண்டியில் எஃகு நாபைத் தொட்டுப் பாருங்கள், கனத்தைப் பற்றிய ஆசையே போய்விடும். தோல் சுற்றியதோ டெல்ரினோ கைக்கு இதம்.

வாங்குமுன் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒரிஜினல் நாபின் அடிப்பாகம்தான் பல வண்டிகளில் பூட்டின், அதாவது கம்பியை மூடியிருக்கும் தோல் உறையின், கழுத்தைப் பிடித்து வைத்திருக்கும். உருண்டை நாப் போட்டால் பூட் கீழே சரிந்து கம்பி மொட்டையாகத் தெரியும். நாபுக்குக் கீழே திருகுகிற ஒரு காலர் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பூட்டை உள்புறம் வெளியே வருமாறு திருப்பி, கம்பியோடு கேபிள் டையால் கட்டிவிட்டு மீண்டும் கீழே மடித்து விடலாம், கட்டு வெளியே தெரியாது. அப்புறம் நாபின் தலையில் கியர் வரைபடம் இருக்க வேண்டும். சில நாடுகளில் வரைபடம் ஓட்டுநர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பது விதி, ஜப்பானில் வாகனப் பரிசோதனையிலேயே பார்க்கிறார்கள்.

மழைத்தூறல்:
இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். என்னுடையது ஆட்டோமேட்டிக், நாபில் பட்டன் இருக்கிறது. இதே உருண்டையை அதற்கும் போடலாமா?

ஸ்பேனர்_செட்:
வேண்டாம். அந்தப் பட்டன் உள்ளே ஒரு கம்பியை அழுத்தித்தான் பார்க்கிலிருந்து லாக்கை விடுவிக்கிறது. உங்கள் மாடலுக்கென்றே செய்த நாப் கிடைத்தால் மட்டும் மாற்றுங்கள். மேனுவலிலும் ரிவர்ஸுக்கு வளையத்தைத் தூக்குகிற வண்டிகளுக்கு இதே எச்சரிக்கை, வளையம் மேலே ஏற நாபுக்குக் கீழே இடம் விட வேண்டும். பிஎம்டபிள்யூ மாதிரி மரையே இல்லாமல் அழுத்திச் செருகும் நாபும் உண்டு, அதை நேராக மேலே இழுக்க வேண்டும், முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு.

ஓரப்பாதை:
கழற்றி அளந்துவிட்டேன். விட்டம் 11.8, பத்து இடைவெளி 12.5, ஸ்பேனர்_செட் அண்ணா சொன்ன கணக்கேதான். நாபின் உள்மரையும் 12×1.25 என்று விற்பவர் எழுதிக் கொடுத்தார், ஆனால் எஃகு வேண்டாம், அதே வடிவத்தில் அலுமினியம் எடுக்கிறேன். சிக்கல் என்னவென்றால் அந்த மூன்று ஸ்க்ரூவும் மரையின்மேல் அழுத்தி மூன்று இடத்தில் பள்ளம் போட்டிருக்கின்றன. விளிம்பு நகத்தில் மாட்டுகிறது. அரத்தால் தேய்த்துவிடட்டுமா?

ஸ்பேனர்_செட்:
அரம் வேண்டாம் தம்பி, மரையின் உச்சி மழுங்கிவிடும். மரை வெட்டும் கருவியான டை, 12×1.25 அளவில் ஒன்று யாரிடமாவது இரவல் வாங்கி, எண்ணெய் விட்டு, கையாலேயே ஓட்டுங்கள். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், பிசிறு உதிர்ந்துகொண்டே வரும். உதிர்கிற துகள் பூட்டுக்குள் விழாமல் கம்பியைச் சுற்றித் துணி கட்டிவிடுங்கள்.

பிறகு அதே மரையில் ஒரு செக் நட்டை முதலில் ஏற்றி, அதன்மேல் நாபைத் திருகி, வரைபடம் நேராக உங்களைப் பார்க்கும்போது நிறுத்தி, நட்டை மேலே ஏற்றி நாபோடு இறுக்குங்கள். மரையை ஒட்டிப் பிடிக்கும் த்ரெட் லாக்கர் பசை ஊற்ற வேண்டியதில்லை. கடைசியில் எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள், ஐந்தில் டேஷ்போர்டிலும் நான்கில் ஆர்ம்ரெஸ்ட்டிலும் விரல் இடிக்கக் கூடாது.