வர்ஜீனியா கார் வரி: ஒழிக்க முடியுமா, ஒழித்தால் அந்தப் பணத்தை யார் கட்டுவது?

ஹெர்ண்டன்_வாசி

தேர்தல் வந்தால் போதும், வர்ஜீனியாவில் கார் வரியை ஒழிப்போம் என்று யாராவது கிளம்பிவிடுகிறார்கள். 1997-ல் கேட்ட அதே கோஷம் 2025 கவர்னர் தேர்தலிலும் கேட்டது. ஆற்றைத் தாண்டினால் மேரிலாந்து, அங்கே வருடா வருடம் காரின் மதிப்பைப் பார்த்து வரி போடுவதில்லை. வாஷிங்டன் டி.சி.யிலும் இல்லை. வாங்கும்போது ஒரு வரி, பிறகு ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம், அவ்வளவுதான். இங்கே ஃபேர்ஃபேக்ஸ் கவுன்டியில் (நம்ம மாவட்டம் மாதிரி ஓர் உள்ளாட்சி) 30,000 டாலர் மதிப்புள்ள காருக்கு 900 டாலருக்கு மேல் பில் வருகிறது.

என் கேள்விகள் மூன்று. மாநிலம் நினைத்தால் இதை ஒழிக்க முடியுமா? ஒழித்தால் அந்தப் பணம் வேறு எந்தப் பாக்கெட்டிலிருந்து போகும்? அதுவரை பில்லைக் குறைக்க நியாயமான வழி ஏதாவது உண்டா? கட்சிச் சண்டை வேண்டாம், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்ஜெட்_பூச்சி

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். இது மாநில வரியே இல்லை. வர்ஜீனியா அரசியல் சட்டத்தின் 10-வது பிரிவு, நிலம் வீடு மீதான வரியையும் கார், படகு, இயந்திரம் போன்ற அசையும் சொத்து மீதான வரியையும் உள்ளாட்சிகளுக்கு மட்டுமே என்று ஒதுக்கிவைத்திருக்கிறது. 95 கவுன்டிகளும் 38 தனி நகரங்களும் அவரவர் வீதத்தை அவரவரே வைக்கிறார்கள். ஃபேர்ஃபேக்ஸில் 100 டாலர் மதிப்புக்கு 4.57, ஆர்லிங்டனில் 5. ஆகவே ஒழிக்கிறேன் என்று சொல்கிற கவர்னர், இன்னொருவர் கல்லாவிலிருந்து எடுத்துத் தள்ளுபடி தருகிறார்.

அதே பிரிவு, விலக்கு என்று எழுதிவைத்ததைத் தவிர எல்லாச் சொத்துக்கும் வரி உண்டு என்றும் சொல்கிறது. கார் அந்த விலக்குப் பட்டியலில் இல்லை. பணியில் ஏற்பட்ட 100% நிரந்தர ஊனத்தோடு ஓய்வுபெற்ற முன்னாள் ராணுவத்தினரின் ஒரே ஒரு வாகனத்துக்கு விலக்கு தரவே 2020 நவம்பரில் மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு நடந்தது. எல்லாருக்கும் ஒழிப்பதென்றால் அதே பாதைதான். அரசியல் சட்டத் திருத்தம் சட்டசபையில் ஒரு தடவை தேற வேண்டும். நடுவில் கீழவைத் தேர்தல் ஒன்று நடக்க வேண்டும். புதிய அவையில் மறுபடி தேற வேண்டும். பிறகு மக்கள் வாக்கு. 2027 தொடக்கத்தில் ஆரம்பித்தால், 2027 நவம்பர் தேர்தலைத் தாண்டி, 2028 நவம்பரில்தான் மக்களிடம் வரும்.

இந்தத் தொல்லை வேண்டாமென்றுதான் 1998-ல் குறுக்கு வழி பிடித்தார்கள். ஜிம் கில்மோர் கார் வரி ஒழிப்பை வைத்தே 1997 கவர்னர் தேர்தலில் ஜெயித்தவர். அவர் வரியைத் தொடவில்லை. காரின் முதல் 20,000 டாலர் மதிப்புக்கு வரும் வரியில் ஒரு பங்கை மாநிலமே உள்ளாட்சிக்குக் கட்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். முதல் வருடம் 12.5%, அடுத்து 27.5%, 47.5%, 2001-ல் 70%, 2002-ல் 100% என்பது திட்டம். 70%-லேயே வண்டி நின்றுவிட்டது. செலவு மதிப்பீட்டைத் தாண்டியது, பொருளாதாரம் சரிந்தது, 2001-ல் கவர்னருக்கும் அவர் கட்சியே பெரும்பான்மையாக இருந்த செனட்டுக்கும் முட்டிக்கொண்டு பட்ஜெட் திருத்தமே நிறைவேறாமல் போனது.

இப்போது நாம் அனுபவிப்பது 2004-ல் கவர்னர் மார்க் வார்னர் காலத்தில் போட்ட முடிச்சு. 2006 முதல் மாநிலம் தரும் மொத்தத் தொகை வருடத்துக்கு 95 கோடி டாலர், அதற்கு மேல் ஒரு சல்லி கிடையாது. அந்தப் பானையை ஒவ்வொரு ஊருக்கும் நிலையான பங்காகப் பிரித்தாகிவிட்டது. கார்களின் எண்ணிக்கையும் விலையும் ஏறிக்கொண்டே போக, பானை அப்படியே இருக்கிறது. 70%-ல் தொடங்கிய சலுகை பல இடங்களில் பாதிக்கு வந்துவிட்டது. உங்கள் 900 டாலரை இப்படிப் பாருங்கள்: 30,000-க்கு 4.57 வீதம் 1,371. முதல் 20,000-க்கு உரிய வரி 914, அதில் பாதி சலுகை என்று வைத்தால் 457 கழியும். மீதி 914. சலுகை 70%-ல் நின்றிருந்தால் 731 தான் வந்திருக்கும்.

அப்போதைய கவர்னர் கிளென் யங்கின் 2024 டிசம்பரில் கொண்டுவந்த யோசனையும் வரியைத் தொடவில்லை. 50,000 டாலருக்குள் வருமானம் உள்ள தனிநபருக்கு 150, தம்பதிக்கு 300 என்று வருமான வரியில் திருப்பித் தருவது. சட்டசபை ஏற்காமல், ஒரே ஒரு தடவைக்கு 200, 400 டாலர் காசோலையாக மாற்றிவிட்டது.

தாம்பரம்_டு_ஆஷ்பர்ன்

பூச்சி சாரின் கணக்கு சரி. ஆனால் "முடியாது" என்பதற்கும் "கூடாது" என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. என் வாதம், இது ஒழிய வேண்டிய வரி.

வீட்டு வரியை நியாயப்படுத்த வீடு விலை ஏறுகிறது என்றாவது சொல்லலாம். கார் ஒவ்வொரு நாளும் தேய்கிற சாமான். வாங்கும்போதே 4.15% விற்பனை வரி வாங்கியாகிவிட்டது. அதற்கப்புறம் ஜனவரி 1-ம் தேதி ஏதோ ஒரு விலைப் புத்தகம் என்ன சொல்கிறதோ அதன் மீது மறுபடியும் வரி. 2022-ல் பழைய கார் விலை தாறுமாறாக ஏறியபோது, நின்ற இடத்தில் நின்ற காரின் மதிப்பு முந்தைய வருடத்தைவிட அதிகமானது. ஃபேர்ஃபேக்ஸ் அந்த வருடம் மதிப்பில் 85% மட்டும் கணக்கில் எடுத்துச் சமாளித்தது. கிராமப்புறக் கவுன்டிகளில் பஸ்ஸே கிடையாது. அங்கே கார் வைத்திருப்பது வேலைக்குப் போவதற்கான முதலீடு, சொகுசு இல்லை.

நம்ம ஊர் முறையோடு ஒப்பிட்டேன். தமிழ்நாட்டில் 2023 திருத்தத்துக்குப் பிறகு 10 முதல் 20 லட்சம் வரையான புதுக் காருக்கு ஆயுள் வரி 18%, அதற்கு மேல் 20%. ஒரே தடவை வலி, பிறகு மறந்துவிடலாம்.

கணக்குப்பிள்ளை

தாம்பரம் அண்ணே, அந்த ஒப்பீட்டைப் பத்து வருடத்துக்குப் போட்டுப் பாருங்க, வேடிக்கையா இருக்கும். 30,000 டாலர் கார், வருடத்துக்கு 15% மதிப்பு இறங்குது, வீதம் 4.57, சலுகை பாதின்னு வெச்சுக்குங்க. பத்து வருடத்துல கட்டுற கார் வரி சுமார் 4,060. வாங்கும்போது 4.15% வீதம் 1,245. மொத்தம் சுமார் 5,305, அதாவது கார் விலையில 17.7%. தமிழ்நாட்டு ஆயுள் வரிக்குப் பக்கத்துலதான் வந்து நிக்குது. ஒரேடியா கட்டினா வலி ஒரு தடவை, இங்கே வருடா வருடம் தபால்ல வர்றதால எரிச்சல் அதிகம்.

ஆனா அங்கே அந்தப் பணம் மாநில அரசுக்குப் போகுது. இங்கே பள்ளிக்கூடத்துக்குப் போகுது. ஃபேர்ஃபேக்ஸ் கவுன்டி பொது நிதியில பாதிக்கு மேல பள்ளிகளுக்குத்தான். அந்த ஓட்டையை எதை வெச்சு அடைப்பீங்க? உள்ளாட்சிகள் கையில இருக்கிறது வீட்டு வரி, உணவக வரி, சில்லறைக் கட்டணங்கள். ஃபேர்ஃபேக்ஸ் 2026 ஜனவரியிலிருந்து 4% உணவக வரி போட்டாச்சு. வீட்டு வரிய ஏத்தினா வாடகைக்கு இருக்கிறவங்களுக்கும் வாடகை வழியா வந்து சேரும், கார் இல்லாதவங்க உட்பட. லவுடன் கவுன்டிக்கு டேட்டா சென்டர் கணினிகள் மேல வர்ற வரி இருக்கு, அதனால அங்கே கார் வீதத்தைக் குறைக்க முடியுது. தென்மேற்கு வர்ஜீனியாவுல நிலக்கரி போன கவுன்டிக்கு என்ன இருக்கு?

வேற மாநிலங்கள்ல இதைச் செஞ்சு பார்த்திருக்காங்க. வாஷிங்டன் மாநிலத்துல 1999 நவம்பர்ல, மதிப்புல 2.2% இருந்த வரிய எடுத்துட்டு 30 டாலர் கட்டணம் போதும்னு மக்கள் ஓட்டுப் போட்டாங்க. 2000 அக்டோபர்ல மாநில உச்ச நீதிமன்றம் அந்த முன்மொழிவைச் செல்லாதுன்னுச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே சட்டசபை பயந்துபோய் 30 டாலரைத் தானே சட்டமாக்கிடுச்சு. பஸ் சேவைக்கும் மாநிலப் படகுப் போக்குவரத்துக்கும் வந்துகிட்டிருந்த பணம் நின்னுபோச்சு, கட்டணம் ஏறிச்சு, சேவை குறைஞ்சுது. 2000 நவம்பர்லயே, சியாட்டில் இருக்கிற கிங் கவுன்டி மக்கள் பஸ்ஸுக்காக 0.2% கூடுதல் விற்பனை வரிக்கு ஓட்டுப் போட வேண்டியதாச்சு. கார்லேர்ந்து எடுத்ததைக் கடையில வாங்குற சாமான் மேல வெச்சாச்சு.

கலிபோர்னியாவுல 2% இருந்ததை 1998 சட்டத்துல தொடங்கிப் படிப்படியா 0.65%-க்கு இறக்கினாங்க, குறையை மாநிலம் நிரப்பும்னாங்க. 2003-ல கஜானா காலி. கவர்னர் கிரே டேவிஸ் பழைய 2%-க்கே ஏத்தினார், அந்தக் கோபமும் சேர்ந்து அக்டோபர்ல பதவியே போச்சு. அடுத்த கவர்னர் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் பதவியேத்த அன்னிக்கே, நவம்பர் 17-ல, திரும்ப இறக்கினார். 2004-ல உள்ளாட்சிகளுக்கு வீட்டு வரியில கூடுதல் பங்கு கொடுத்து அடைச்ச பிறகுதான் அது அடங்குச்சு.

அதனால ஒழிக்கிறதா இருந்தா, அந்த 95 கோடி மாதிரி உறைஞ்ச தொகை கூடாது. வளர்ற வருமானம் ஒண்ண உள்ளாட்சிக்கு அரசியல் சட்டத்துலயே எழுதிக் கொடுக்கணும். வருமான வரியில ஒரு பங்குன்னு வெச்சா நல்லது. வர்ஜீனியாவுல 17,000 டாலரைத் தாண்டினாலே உச்ச வீதம் 5.75%, அதனால அங்கேயும் எளியவங்க தலையில விழாதபடி படிகளைத் திருத்தணும். இதைச் சொல்லாம ஒழிப்போம்னு மட்டும் சொல்றவருக்கு என் ஓட்டு இல்ல.

தாம்பரம்_டு_ஆஷ்பர்ன்

17.7% என்பதை எதிர்பார்க்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கணக்கு புதுக் காருக்கு. பழைய காரை வாங்கி ஓட்டுகிறவர் தமிழ்நாட்டில் மறுபடி ஆயுள் வரி கட்டுவதில்லை, இங்கே அவரும் வருடா வருடம் கட்டுகிறார். மாநிலச் சட்டப்படி 1,000 டாலர் வரை மதிப்புள்ள காருக்குத்தான் முழுச் சலுகை. 1998-ல் போட்ட அந்த வரம்பும் 20,000 வரம்பும் இன்றுவரை அசையவில்லை. ஒழிக்கும்வரை அதையாவது ஏற்றலாமே? 1,000 டாலருக்கு இன்று ஓடுகிற கார் எங்கே கிடைக்கிறது?

பட்ஜெட்_பூச்சி

வரம்பை மட்டும் ஏற்றினால் பானை அதேதானே. அடிமட்டத்தில் கூடக் கொடுத்தால் நடுவில் இருப்பவர்களின் சதவீதம் குறையும். அதுவும் தப்பில்லை என்பது என் கருத்து, ஆனால் தெரிந்தே செய்ய வேண்டும்.

ஹெர்ண்டன் நண்பரின் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, காரின் மாடலும் வகையும் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்பது. ஒரே மாடலில் அடிப்படை வகைக்கும் உச்ச வகைக்கும் பல ஆயிரம் டாலர் வித்தியாசம் இருக்கும், வி.ஐ.என். (காரின் அடையாள) எண் தப்பான வகையோடு பொருந்தியிருந்தால் மதிப்பு ஏறிவிடும். அடுத்து ஓடோமீட்டர். விலைப் புத்தகம் சராசரி ஓட்டத்தை வைத்துப் போடுகிறது. அதிகம் ஓடிய கார் என்றால் கழிவு கேட்கலாம், ஆனால் ஜனவரி 1-ஐ ஒட்டிய ஆதாரம் வேண்டும். வருடாந்தர இன்ஸ்பெக்ஷன் ரசீது, ஆயில் மாற்றிய பில், இரண்டிலும் மைலேஜ் இருக்கும். அக்டோபரில் எடுத்த ஓடோமீட்டர் படம் மட்டும் அனுப்பினால் திரும்பி வரும். இடிபட்ட உடம்பு, துரு என்றால் பட்டறை மதிப்பீடு இணைக்கவும். சால்வேஜ் டைட்டில் (பெரிய சேதமான கார் என்று குறித்த உரிமைப் பத்திரம்) என்றால் டைட்டில் நகல் போதும்.

பில்லில் சலுகைக் கழிவே காட்டவில்லையென்றால், வணிக உபயோகம் என்று பதிவாகியிருக்கலாம். மைலேஜில் 50%-க்கு மேல் வருமான வரியில் வணிகச் செலவாகக் காட்டினாலோ, அந்த மைலேஜுக்கு முதலாளி பணம் கொடுத்தாலோ சலுகை கிடையாது. அலுவலகத்துக்குப் போய்வருவது வணிக உபயோகம் ஆகாது, பலர் படிவத்தில் இங்கேதான் தப்பாக டிக் செய்கிறார்கள்.

எந்த ஊருக்குக் கட்டுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். தபால் முகவரி ஃபால்ஸ் சர்ச் என்று இருக்கும், வீடு ஃபேர்ஃபேக்ஸ் கவுன்டியில் இருக்கும். கார் இரவில் நிற்கிற இடம்தான் கணக்கு. அது டி.எம்.வி.யில் (மாநில வாகனப் பதிவுத் துறையில்) தப்பாக இருந்தால் இரண்டு இடத்திலிருந்தும் பில் வரலாம். காரை விற்றால் நம்பர் பிளேட்டைத் திருப்பிக்கொடுத்து ரசீது வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கணக்கில் கழித்துத் தருகிற ஊர்களில் அந்தத் தேதிதான் ஆதாரம்.

மேல்முறையீடு செய்யும்போது கெடுவைத் தாண்டவிடாதீர்கள். கட்டிவிட்டு வாதாடலாம், ஜெயித்தால் திரும்ப வரும். கட்டாமல் இருந்தால் அபராதம், வட்டி, கடைசியில் டி.எம்.வி. ரெஜிஸ்ட்ரேஷனை நிறுத்திவைக்கும். திருத்தம் கேட்க அந்த வரி ஆண்டு முடிந்து மூன்று வருடம் வரை சட்டம் இடம் கொடுக்கிறது, ஆகவே பழைய தப்பையும் தோண்டலாம். ஃபெடரல் வருமான வரியில் ஐட்டமைஸ் செய்கிறவர்கள் (செலவுகளைத் தனித்தனியாகக் காட்டிக் கழிப்பவர்கள்) சலுகை போக கட்டிய, மதிப்பின்மேல் வரும் பகுதியைக் கழிக்கலாம். நிலையான ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணத்தைச் சேர்க்கக் கூடாது.

ஹெர்ண்டன்_வாசி

நன்றி சார். லீஸ் கார் என்றால்? பில்லே வீட்டுக்கு வருவதில்லை.

பட்ஜெட்_பூச்சி

சட்டப்படி உரிமையாளர் லீஸ் கம்பெனி, பில் அவர்களுக்குத்தான் போகும். ஒப்பந்தத்தில் வரி உங்கள் பொறுப்பு என்று எழுதியிருப்பார்கள், அதைக் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிப்பார்கள். தனிப்பட்ட உபயோகம் என்று கவுன்டிக்குத் தகவல் போயிருந்தால்தான் சலுகை கழியும். ஆகவே கம்பெனியிடம் கவுன்டி பில்லின் நகலைக் கேளுங்கள். அதில் சலுகைக் கழிவு காட்டவில்லையென்றால், லீஸ் ஒப்பந்த நகலோடு கவுன்டி வரி அலுவலகத்துக்கு நீங்களே எழுதலாம்.