குச்சிக்காளானா, தேனடைக்காளானா?

வணக்கம். மோரல் (morel) என்ற உண்ணத்தக்க காட்டுக்காளானுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் 'குச்சிக்காளான்' என்று தமிழ்ப் பெயர் வைக்கலாம் என்ற நண்பருக்கு ஒரு சொல். இமாச்சலத்தில் அதை 'குச்சி' (gucchi) என்றுதான் சொல்கிறார்கள், உண்மை. ஆனால் அவர்கள் சொல்லும்போது கேட்கும் ஒலி நம் எழுத்தில் நிற்காது, குச்சி என்று எழுதினால் படிப்பவருக்கு விறகுக்குச்சிதான் நினைவுக்கு வரும். 'தேன்காளானும்' வேண்டாம், ஆர்மில்லாரியா என்ற வேறொரு காளானுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர்தான் (honey mushroom), பிறகு மொழிபெயர்ப்பவர்கள் குழம்புவார்கள்.

தேனடைக்காளான் என்பதே என் பரிந்துரை. குலுவிலிருந்து வந்த உலர்ந்த காளான் மாலை ஒன்று (நூலில் கோத்துத்தான் காயவைக்கிறார்கள்) வீட்டில் இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போட்டேன், சுருங்கிக் கிடந்தது உப்பி எழுந்து, குழிகளில் இருந்த மணல் கிண்ணத்தின் அடியில் படிந்தது. கையில் எடுத்தால் விரல் நீளத்தில் ஒரு தேனடை, குழியும் வரப்புமாக. நீளவாக்கில் கீறினால் நுனியிலிருந்து அடிவரை பப்பாளி இலைக்காம்பு மாதிரி ஒரே குழல். சிப்பிக்காளான், மொட்டுக்காளான் எல்லாம் உருவத்தை வைத்து வந்த பெயர்கள்தானே, இதுவும் அந்த வரிசையில் இயல்பாக உட்காரும்.

இப்போது தேனடைக்காளானைப் போலத் தோன்றும் நச்சுக்காளானான கைரோமிட்ராவுக்கு (ஆங்கிலத்தில் false morel) வருவோம். 'போலித் தேனடைக்காளான்' என்று வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பேச்சில் முன்னொட்டு உதிர்ந்துவிடும், நஞ்சுக்கும் உணவுக்கும் ஒரே பெயர் மிஞ்சும். அதன் நஞ்சு உடலுக்குள் மோனோமெத்தில் ஹைட்ரசீனாக மாறுகிறது, ராக்கெட் எரிபொருளாகப் பயன்படும் அதே பொருள். அதன் தலையில் குழி கிடையாது, மூளை போல மடிப்பு மடிப்பாக இருக்கும், கீறினால் உள்ளே ஒரே குழலாக இல்லாமல் அறை அறையாகத் தெரியும். ஆகவே மூளைக்காளான். பனி உருகிய ஈர நிலத்தில் சருகை விலக்கித் தேடுபவருக்குப் பெயரே அடையாளம் சொல்லட்டும்.

அப்புறம், பட்டியலில் தேனடைக்காளானுக்கு எழுதும் விளக்கத்தில் 'நன்கு வேகவைத்தே உண்ண வேண்டியது' என்ற வரி கட்டாயம் வேண்டும். 2023இல் அமெரிக்காவின் மொன்டானாவில் ஓர் உணவகத்தில் பச்சையாகவும் அரைவேக்காடாகவும் பரிமாறிய தேனடைக்காளானோடு தொடர்புபட்டு 51 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள்.

காட்டில் தேடி எடுப்பதைக் குறிக்கக் 'காளான் வேட்டை' என்பது எனக்கு ஒட்டவில்லை. தேன் எடுக்கிறோம், கிழங்கு அகழ்கிறோம், காளான் பறிக்கிறோம். பறித்தல் போதும். மூளைக்காளான் என்று உங்கள் ஊரில் வேறு எதையாவது சொல்வதுண்டா? இருந்தால் எழுதுங்கள், மாற்றிவிடலாம்.