யாழ்ப்பாணத்து ஒல்லாந்தர் வழி மூதாதை: 1812க்கு முன்னால் வழி அடைபட்டுவிட்டது

வணக்கம். என் அம்மம்மாவின் தகப்பன் வழி, ஒல்லாந்தப் பறங்கிக் குடும்பம், அதாவது இலங்கையில் தங்கிவிட்ட ஒல்லாந்தரின் (டச்சுக்காரரின்) வழிவந்தவர்கள். எங்களிடம் இருக்கும் மிகப் பழைய ஆவணம் 1812இல் நடந்த ஒரு திருமணத்தின் பதிவு. மாப்பிள்ளை பிறந்தது யாழ்ப்பாணம் என்று அதில் இருக்கிறது. தகப்பன் பெயர் இல்லை. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1795இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். முதலில் கப்பலேறி வந்தவர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறார்.

கொழும்பு வுல்வெண்டால் தேவாலயப் பதிவேடுகளில் எங்கள் பெயர் அகப்படவில்லை. பறங்கியர் சங்கச் சஞ்சிகையின் வம்சாவளிகளிலும் இல்லை. நெதர்லாந்தின் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சம்பளப் பேரேடுகளை இணையத்தில் பார்த்தேன். பிறந்த ஊர், ஏறிய கப்பல், சேவை முடிந்த விதம் எல்லாம் அதில் உண்டு. அதே குடும்பப் பெயரில் மூன்று பேர், மூவரும் சிப்பாய்கள். கம்பனிச் சிப்பாய்களில் ஜெர்மானியரும் ஏராளம் என்பதால் பெயரின் எழுத்துகளை மாற்றி மாற்றியும் தேடினேன். எங்கள் ஆள் யார் என்று பிரித்தறிய ஒரு ஞானஸ்நானப் பதிவாவது வேண்டும். யாழ் கோட்டைக்குள் 1706இல் கட்டிய தேவாலயமோ போரில் அழிந்துபோனது. அம்மம்மாவுக்கு இப்போது 91 வயது. அவர் இருக்கும்போதே சொல்லிவிட ஆசை.

அந்தத் தேவாலயத்தின் 1750–1795 காலத்து ஞானஸ்நானப் பதிவுகள், அசலோ பிரதியோ, இன்று எங்கே பார்க்கக் கிடைக்கும்?