மாமனார் பெயரோடு வந்த கிளி: பெயரை மாற்றலாமா?

சிங்காநல்லூர் மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். கணவருக்குத் தெரிந்த ஒரு பெரியவர் மகனோடு வெளிநாட்டில் குடியேறிவிட்டதால், அவர் வளர்த்த ஆப்பிரிக்கன் கிரே கிளி போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தது. வயது 18 இருக்கும் என்றார்கள். சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. சிக்கல் பெயரில்தான்.

அதன் பெயர் ராமு. என் மாமனார் பெயரும் அதுதான். மாமியார் அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டார், நானும் சொல்வதில்லை. கணவர் கிளியைக் கூப்பிட்டால் வாசலில் பேப்பர் படிக்கிற மாமனார் திரும்பிப் பார்க்கிறார். கடைசியில் எல்லோருமே "ஏய்", "இந்தா" என்றுதான் கூப்பிடுகிறோம். இது போதாதென்று, காலையில் டம்ளர் சத்தம் கேட்டதும் அந்தப் பெரியவர் குரலிலேயே "டேய் ராமு, காப்பி குடிச்சியா?" என்று கத்துகிறது. முதலில் மாமனாரும் சேர்ந்து சிரித்தார். சம்பந்தி வீட்டார் முன்னால் கத்தியதிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை (கிளியோடு).

இந்த வயதில் பெயரை மாற்றினால் குழம்பிப் போகுமா? மாற்றலாம் என்றால் எப்படி ஆரம்பிப்பது?

கூண்டுக்காரன்:
தாராளமாக மாற்றலாம். நல்ல பராமரிப்பில் கிரே கிளிகள் 40, 50 வருடம் இருக்கும், உங்களுடையது நடுவயதுக்காரர். ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளர் 1977-இல் வாங்கிய அலெக்ஸ் என்ற கிரே கிளி, 2007-இல் 31 வயதில் இறந்தது. அதற்கு முந்தைய வருடங்களில்கூடப் புதிதாகக் கற்றுக்கொண்டுதான் இருந்தது.

அதற்கு முன் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். கிளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது ராமு என்று தட்டையான குரலில் சொல்லச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் கழித்து, கொஞ்சுகிற ராகத்தில் வேறு ஏதாவது ஒரு சொல். எதற்குத் திரும்புகிறது? நிறைய கிளிகளுக்குச் சொல்லைவிட ராகம்தான் அடையாளம்.

பெரம்பூர் பறவைப்பித்தன்:
நான் இதை ஏற்கவில்லை. வீடு போய்விட்டது, வளர்த்தவரும் போய்விட்டார். மிச்சம் இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் இப்போதே பிடுங்க வேண்டுமா? மன அழுத்தம் கூடினால் இந்த இனம் தன் இறகைத் தானே பிய்த்துக்கொள்ளும். முதலில் வீடு பழகட்டும்.

கூண்டுக்காரன்:
அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் இப்போதே அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லையே. "ஏய்" என்பதற்கு ஒரு பெயர் வைப்பது மேல். கிளிக்குப் பெயர் என்பது "நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?" என்று கேட்கிற குரல் மாதிரி. காட்டில் கூட்டமாக இருக்கும்போதும் அவை ஒன்றையொன்று அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கின்றன. வெனிசுவேலாவில் ஒரு சின்னக் கிளி இனத்தை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள்: குஞ்சுகள் தங்களுக்கான அந்தக் குரலைக் கூட்டிலேயே பெற்றோரிடம் கற்றுக்கொள்கின்றன. கூப்பிட்டால் யாராவது பதில் சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம். இறகு பிய்ப்பது தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு, பறவைகளைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மதுரை மீனா:
ஓசை ஒத்துப்போகிற பெயராக வையுங்கள் அக்கா. சோமு, தாமு, ஷாமு இப்படி. முதலில் "ராமு ஷாமு" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லி, பிறகு பழையதை மெதுவாகக் குறைத்து, கடைசியில் விட்டுவிடலாம்.

சிங்காநல்லூர் மருமகள்:
சோதித்துப் பார்த்தோம். ராமு என்று சும்மா சொன்னால் ஒரு கண்ணைத் திருப்புகிறது, அவ்வளவுதான். ராகமாக "தக்காளி" என்று சொன்னதற்கு முழுதாகத் திரும்பியது! மீனா, சோமு என் மாமியாரின் அண்ணன், அது நடக்காது. ஷாமு பரவாயில்லை. ஆனால் "ராமு ஷாமு" என்று சேர்த்துச் சொல்வது எப்படி? அந்தப் பெயரைச் சொல்ல முடியாததால்தானே இவ்வளவும்.

கூண்டுக்காரன்:
சேர்த்துச் சொல்லும் வேலை உங்கள் கணவருக்கு. நீங்களும் மாமியாரும் பழைய பெயரைத் தொடவே வேண்டாம். "ஷாமு" என்று சொல்லி, கிளி பார்த்த அந்த நொடியிலேயே பிடித்த தின்பண்டம் ஒரு துளி கொடுங்கள். மாதுளை முத்து ஒன்று போதும். பார்க்கவில்லை என்றால் திரும்பத் திரும்பக் கூப்பிடாதீர்கள், விட்டுவிட்டுப் பிறகு பாருங்கள். எல்லோரும் ஒரே ராகத்தில் கூப்பிடுங்கள். திட்டும்போதும் கூண்டில் அடைக்கும்போதும் அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள். புதுப்பெயர் கெட்டுப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

ஆனால் ஒன்று. நீங்கள் கூப்பிடுகிற பெயரை மாற்றலாம். அது சொல்கிற பெயர் உங்கள் கையில் இல்லை. ஷாமு என்று கூப்பிட்டால் ஓடி வந்துவிட்டு, மறு நிமிடமே "டேய் ராமு" என்று கேட்கும். மாமனாரின் கோபம் இரண்டாவதைப் பற்றியது, அதற்கு வழி வேறு.

மதுரை மீனா:
அந்த வாக்கியத்துக்கு யாரும் சிரிக்காதீர்கள், அதட்டவும் வேண்டாம். இரண்டுமே அதற்குக் கொண்டாட்டம்தான். டம்ளர் சத்தம் கேட்டதும் சொல்கிறது என்றால், அதே நேரத்துக்கு வேறு வாக்கியத்தைக் கொடுங்கள். அலெக்ஸுக்குச் சொல்லிக்கொடுத்தது போல இரண்டு பேர் கிளிக்கு முன்னால் நின்று பேச வேண்டும். கணவர் டம்ளரைத் தட்டி "ஷாமு, பழம் வேணுமா?" என்று கேட்கட்டும், நீங்கள் "வேணும்" என்று சொல்லி ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். பார்த்துக்கொண்டிருக்கிற கிளிக்குத் தானும் நடுவில் புக ஆசை வரும்.

அப்புறம், அந்தப் பெரியவர் நிஜமாகவே காப்பி கொடுத்தாரா என்று விசாரியுங்கள். காப்பி, சாக்லெட், அவகாடோ மூன்றும் கிளிக்கு விஷம். கெஞ்சினாலும் கொடுக்காதீர்கள்.

பெரம்பூர் பறவைப்பித்தன்:
சரி, மாற்றுவதென்று முடிவு செய்துவிட்டீர்கள். இன்னொரு பெயர் மாற்றத்தையும் மறக்காதீர்கள். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் (CITES) என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் கிரே கிளி இருக்கிறது. 2024-இல் வந்த விதிகளின்படி, வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தன் பெயரில் பதிய வேண்டும், கைக்கு வந்த 30 நாளுக்குள். பெரியவரிடம் பழைய பதிவுத் தாள் இருந்தால் வாங்கிவிடுங்கள். காலில் வளையம் இருந்தால் அதிலுள்ள எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். (நம்மூர்ப் பச்சைக்கிளி என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, 1972 வனவிலங்குச் சட்டப்படி வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.)

சிங்காநல்லூர் மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. பதிவு வேலையைக் கணவர் இன்றே பார்க்கிறார். காப்பி விஷயம் கேட்டேன். பெரியவர் தினமும் ஒரு வாய் கொடுப்பாராம்! இங்கே கிடையாது.

ஷாமு என்றால் மாமியாரிடம் மட்டும் உடனே திரும்புகிறது. மாதுளை அவர் கையில்தான் இருக்கிறது. பழைய வாக்கியம் முழுதாக மறக்காமல் போகலாம் என்று மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டோம். பேப்பரை இறக்காமலே, "அப்ப என் பேரை மாத்திடுங்க" என்றார்.