நடைபாதையை மறைக்கும் காகிதப்பூ: வீட்டுக்காரங்ககிட்ட எப்படிப் பேசுறது?

சொக்கிகுளம்வாசி:
எங்க தெருவுல ஒரு பெரிய காம்பவுண்டு வீடு. அவங்க வளர்த்த காகிதப்பூ சுவரைத் தாண்டி நடைபாதை முழுக்கக் கவிழ்ந்து கிடக்கு. அழகுதான், இல்லேங்கல. ஆனா எங்க அப்பாவுக்கு கிளாக்கோமாவுல பார்வை அநேகமாப் போயிருச்சு. அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில வெள்ளைக் கோல் பிடிச்சு நடக்கப் பழகி, காலையில தனியா டீக்கடைக்குப் போயிட்டு வருவார். யார் கையையும் பிடிக்காம போறதுல அவருக்கு அப்படி ஒரு நிறைவு.

குழி, கல்லு, குறுக்க நிறுத்துன பைக்கு எல்லாம் கோல்ல தட்டுப்படும். முகத்துக்கு நேரா தொங்குற கிளை தட்டுப்படாது. போன வாரம் முள்ளு இமைக்கு மேல கீறி ரத்தம் வந்துருச்சு. இப்ப அந்த இடம் வந்தா ரோட்டுல இறங்கி நடக்குறார். ஷேர் ஆட்டோ பறக்குற ரோடு. எனக்கு வயித்தைக் கலக்குது.

வீட்டுக்காரங்க வயசானவங்க, நல்ல மனுசங்க. கேட்டா "பூக்குற நேரம்மா, பொறகு பாப்போம்"ங்குறாங்க. நானே ஆள் வச்சு வெட்டிரலாமா?

நர்சரிக்காரன், அழகர்கோவில் ரோடு:
சொல்லாம வெட்டாதீங்க தங்கச்சி, மனஸ்தாபம் வரும். காகிதப்பூ புதுத் துளிர்லதான் பூக்கும், கவாத்து பண்ணுனா, அதாவது கிளையை அளவா வெட்டிவிட்டா, அடுத்த பூப்பு இன்னும் அடர்த்தியா வரும்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்க. செடி போயிரும்னுதான் பயப்படுவாங்க. நுனியை மட்டும் கிள்ளுனா பிரயோஜனம் இல்ல, ஐப்பசி மழைக்குத் திரும்ப ரோட்டுக்கு வந்துரும். சுவருக்கு உள்பக்கமா தள்ளி வெட்டச் சொல்லுங்க. வெட்டுன முள்ளை அன்னைக்கே அள்ளிரணும், செருப்பைத் தாண்டி ஏறும்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
பேசியும் நடக்கலைன்னா மனு கொடுங்கம்மா. நடக்குற இடம் குறைஞ்சது 1.8 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரத்துக்குத் தடையில்லாம இருக்கணும்னு இந்தியச் சாலைகள் காங்கிரஸோட 2012 வழிகாட்டுதல் (ஐ.ஆர்.சி. 103) சொல்லுது. டேப்பைப் பிடிச்சு, அளவு தெரியுற மாதிரி போட்டோ எடுங்க. அப்பாவோட மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலை வச்சு, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும் குறிப்பிடுங்க. மாநகராட்சி மண்டல அலுவலகத்துல கொடுத்து ஒப்புகை வாங்காம வராதீங்க. முதலமைச்சர் உதவி மையம் 1100லயும் போன் பண்ணிப் பதியலாம்.

சொக்கிகுளம்வாசி:
நேத்து அப்பாவையே கூட்டிட்டுப் போனேன். கீறலைப் பார்த்ததும் அந்தம்மா பதறிட்டாங்க. கவாத்து பண்ணுனா நல்லாப் பூக்கும்னு அண்ணன் சொன்னதையும் சொன்னேன். ஞாயித்துக்கிழமை தோட்டக்காரர் வர்றார், கூலியில பாதி நான் தர்றேன்னுட்டேன். அடுத்த முக்குல பூட்டிக் கிடக்குற வீட்டுல அரளி இதே மாதிரி வெளிய சாஞ்சிருக்கு, அதுக்கு இப்ப மனு எழுதிட்டு இருக்கேன்.

நர்சரிக்காரன், அழகர்கோவில் ரோடு:
அரளி பால் விஷம், கண்ணுல படக்கூடாது. வெட்ட வர்றவங்க கையுறை போடட்டும். வெட்டுனதைத் தெருவுல போட்டுக் கொளுத்த விட்றாதீங்க, அந்தப் புகையும் ஆகாது.