லூகர் பிஸ்டலில் ‘எஸ்.டி.’ முத்திரை: எஸ்.எஸ். உளவுப் பிரிவா, பிரஷ்யக் காவல்துறையா?

நீலமலை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் எங்கள் தெருவில் வசிக்கும் முதியவர் ஒருவரிடம், அவருடைய தந்தை இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பும்போது ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த இரண்டு கைத்துப்பாக்கிகள் இருக்கின்றன. அவற்றை ஏலத்தில் விற்க எண்ணும் அவர், எனக்கு ஓரளவு ஜெர்மன் மொழி தெரியும் என்பதால், அவற்றில் குத்தப்பட்டுள்ள முத்திரைகளைப் படித்துச் சொல்லும்படி கேட்டார். எழுத்துகளைப் படிக்க முடிகிறது. அவை எதைச் சொல்கின்றன என்பதுதான் விளங்கவில்லை.

முதலாவது பி.08 எனப்படும் லூகர். அதன் மடக்கு மூட்டின் மேல் டி.டபிள்யூ.எம். என்ற எழுத்துகள் பின்னிப்பிணைந்து இருக்கின்றன. தோட்டா அறையின் மேல் 1917 என்றும் 1920 என்றும் இரண்டு ஆண்டுகள் உள்ளன. கைப்பிடியின் முன்பட்டையில் ‘எஸ்.டி. 374’ என்று குத்தியிருக்கிறது. குழலின் அடியில் வரிசை எண்ணோடு 8,83 என்ற எண் இருக்கிறது. இடப்பக்கத்தில், படங்களில் பார்த்த மற்ற லூகர்களில் இல்லாத ஒரு மெல்லிய வில்தகடு பொருத்தப்பட்டுள்ளது.

இரண்டாவது வால்தர் பி.பி. விசைக்குப் பின்னால் சட்டகத்தின் இடப்பக்கத்தில், ஸ்வஸ்திகாவைப் பற்றிய கழுகும் அதனருகே ‘எஃப்’ என்ற எழுத்தும் உள்ளன. ஸ்லைடில் ‘என்’ எழுத்தின் மேல் ஒரு கழுகு இருக்கிறது. வரிசை எண் ‘பி’ என்ற எழுத்தில் முடிகிறது. ராணுவ ஏற்பு முத்திரை எதுவும் இல்லை.

விற்றுத்தர முன்வந்த வியாபாரி ஒருவர், ‘எஸ்.டி.’ என்பது நாஜிக் கட்சியின் ஆயுதம் தாங்கிய அமைப்பான எஸ்.எஸ்.-இன் உளவுப் பிரிவு, அதாவது சிஹெர்ஹைட்ஸ்டீன்ஸ்ட் என்றும், அப்படி விளம்பரப்படுத்தினால் பல மடங்கு விலை கிடைக்கும் என்றும் சொல்கிறார். ராணுவ முத்திரை இல்லாததால் வால்தர் சந்தேகத்துக்குரியது என்பதும் அவர் கருத்து. இரண்டும் சரியா?

பழந்தடம்

நீலமலை அவர்களுக்கு, இரண்டுமே தவறு என்பது என் கருத்து. முதலில் லூகரைப் பார்ப்போம். வால்தரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

இத்தகைய துப்பாக்கியில் முத்திரைகள் ஒரே நாளில் குத்தப்பட்டவை அல்ல. அவற்றைக் குத்தப்பட்ட கால வரிசையில் வைத்துப் படித்தால்தான் பொருள் தெளிவாகும். டி.டபிள்யூ.எம். என்பது பெர்லினில் இயங்கிய தயாரிப்பாளரின் குறி. 1917 என்பது தயாரிப்பு ஆண்டு. மேற்பகுதியின் வலப்பக்கத்தைப் பாருங்கள். கிரீடம் சூடிய சிறு எழுத்துகளும் ஒரு கழுகும் இருக்க வேண்டும். அவை பேரரசுக் காலச் சோதனையாளர்களின் முத்திரைகள். அந்தக் கழுகின் கீழ் ஸ்வஸ்திகா இருக்காது. அதே காலத்தில் எர்ஃபுர்ட் அரசு ஆலையில் செய்த லூகர்களில் சின்னஞ்சிறு பாகங்களில்கூட முத்திரை குத்தித் தள்ளியிருப்பார்கள், டி.டபிள்யூ.எம். அந்த அளவுக்குப் போகவில்லை.

குழலின் அடியில் உள்ள 8,83 என்பது குழலின் உள்விட்டம், மில்லிமீட்டரில். ஜெர்மானியர்கள் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இடுவதால் அது அப்படித் தோன்றுகிறது. அதனுடன் உள்ள வரிசை எண்ணும், அதன் கீழுள்ள சாய்வெழுத்தும் சட்டகத்தின் முன்புறத்தில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எண் 10,000ஐ எட்டியதும் மறுபடி 1 முதல் தொடங்கி, ஏ, பி என்று எழுத்து சேர்த்துக்கொண்டே போனார்கள். ஆகவே எழுத்து மாறினால் அது வேறு துப்பாக்கியின் பாகம். சிறு பாகங்களில் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் இருக்கும்.

அடுத்தது 1920. முதல் உலகப் போருக்குப் பின் வந்த வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மன் ராணுவத்தை ஒரு லட்சம் பேராகச் சுருக்கிய பிறகு, போரிலிருந்து திரும்பிய ஆயுதங்கள் நாடெங்கும் வீடுகளில் இறைந்து கிடந்தன. அவற்றை ஒப்படைக்கச் சொல்லி 1920 ஆகஸ்டில் சட்டம் வந்தது. அந்தச் சூழலில், அரசுக்கு உரியது எது, தனியார் கையில் சட்டவிரோதமாக இருப்பது எது என்று பிரித்தறிய, ராணுவமும் காவல்துறையும் தம்மிடமிருந்த ஆயுதங்களில் 1920 என்று குத்திக்கொண்டன. சேகரிப்பாளர்கள் ‘இரட்டைத் தேதி’ என்று அழைப்பது இதைத்தான். அது தயாரிப்பு ஆண்டு அன்று, உடைமைக் குறி.

அதற்கும் பிறகு வந்தது ‘எஸ்.டி. 374’. வைமர் காலத்தில், அதாவது பேரரசு வீழ்ந்ததற்கும் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததற்கும் இடைப்பட்ட குடியரசுக் காலத்தில், ஜெர்மனியின் மிகப்பெரிய மாநிலமான பிரஷ்யாவின் காவல்துறை வைத்திருந்த முறைப்படி, முதல் எழுத்து பிரிவைக் குறிக்கும்: ‘எஸ்’ என்றால் சீருடைக் காவலான ஷுட்ஸ்போலிட்ஸை. அடுத்த எழுத்து நிர்வாக மாவட்டம்: ‘டி’ என்றால் டுசெல்டார்ஃப். இறுதி எண் அந்த அலகின் ஆயுத எண். ‘எஸ்.பிஆர்.’ என்று இருந்திருந்தால் பிரெஸ்லாவ் என்று படித்திருப்போம், அங்கே உளவுப் பிரிவுக் கதை கட்ட எவருக்கும் தோன்றியிருக்காது. டுசெல்டார்ஃப் லூகர்களுக்கு மட்டும் இந்தத் தலையெழுத்து.

நீங்கள் சொல்லும் வில்தகடு இதை மேலும் உறுதிப்படுத்துகிறது. லூகரின் கைப்பிடிச் சட்டகத்திலிருந்து மேற்பகுதியைக் கழற்றிய பிறகும், அறையில் தோட்டா இருந்தால், வெளியே தெரியும் சியர் தண்டு (சுடும் ஊசியைப் பிடித்து வைத்திருந்து விடுவிக்கும் பாகம்) அழுந்தியவுடன் அது வெடித்துவிடும். இதைத் தடுக்க, பக்கத் தகடு கழன்றதும் சியரைப் பூட்டும் கூடுதல் காப்பு ஒன்றைக் காவல்துறை பொருத்தியது. பெர்லினைச் சேர்ந்த ஷிவி நிறுவனத்தின் பெயரால் அது அறியப்படுகிறது. ராணுவ லூகர்களில் அதைக் காண்பது அரிது.

தெற்குவாசல்

வால்தரைப் பற்றி நான் எழுதுகிறேன். பி.பி. என்ற பெயரே காவல் பிஸ்டல் என்பதன் சுருக்கம்தான், 1929இல் வெளிவந்தது. அதில் ராணுவ முத்திரை இல்லையே என்று சந்தேகப்படுவது விந்தை. தரைப்படை ஆயுத அலுவலகம் ஏற்ற வால்தர்களில் கழுகின் கீழ் 359 என்ற எண் இருக்கும். காவல்துறை தனக்கெனத் தனிச் சோதனையாளர்களை வைத்திருந்தது. அவர்களின் முத்திரையில் எண் இல்லை, எழுத்துதான். வால்தரில் முதலில் ‘சி’, பிறகு ‘எஃப்’. ஸூல் நகரின் சாவர் 38 எச் பிஸ்டல்களிலும் இவ்விரண்டைக் காணலாம். மவுசர் நிறுவனத் துப்பாக்கிகளில் ‘எல்’ என்ற எழுத்தும் உண்டு. கழுகும் ‘எஃப்’ எழுத்தும் இருக்க, 359 இல்லாதிருப்பதுதான் காவல்துறைத் துப்பாக்கிக்கு இயல்பு.

‘என்’ எழுத்தின் மேலுள்ள கழுகு யாருடைய உடைமையையும் குறிப்பதில்லை. புகையற்ற வெடிமருந்தால் சுட்டுச் சோதித்ததற்கான பொதுச் சான்று அது. கடையில் விற்கப்பட்ட துப்பாக்கியிலும் இருக்கும். ஆனால் காலத்தைக் கணிக்க அது பெரிதும் உதவுகிறது. 1939இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய சோதனைச் சட்டத்துக்கு முன்பு, அதே இடத்தில் ‘என்’ எழுத்தின் மேல் கிரீடம் இருந்தது. ஆகவே உங்கள் வால்தர் போர்க்காலத் தயாரிப்பு. ‘பி’ எழுத்தில் முடியும் வரிசை எண்ணும், சேவையின் பிற்பகுதியில் வந்த ‘எஃப்’ எழுத்தும் அதனோடு பொருந்துகின்றன. உலோகப் பரப்பில் கடைசல் கோடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். போர் முற்ற முற்ற மெருகூட்டுவதற்கு நேரம் இல்லாமல் போனது.

வடகரை

பழந்தடம் அவர்களின் விளக்கத்தை மதிக்கிறேன், ஆனால் ஒரு ஐயம். 1936இல் எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர் ஜெர்மன் காவல்துறை முழுவதற்கும் தலைவரானார். எஸ்.எஸ்., காவல்துறை ஆகிய இரண்டும் அதன் பிறகு ஒரே கையில்தானே இருந்தன? டுசெல்டார்ஃப் காவலரின் துப்பாக்கி பின்னாளில் உளவுப் பிரிவுக்குப் போயிருக்கக் கூடாதா? அப்படியானால் வியாபாரி சொல்வதை முற்றிலும் பொய் என்று தள்ளிவிட முடியுமா?

பழந்தடம்

வடகரை அவர்களே, ஒரு துப்பாக்கி யார் கைக்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம். ஆனால் வியாபாரி அதைச் சொல்லவில்லை. முத்திரையின் பொருளே உளவுப் பிரிவு என்கிறார். அதற்கு இடமில்லை. எஸ்.எஸ். அதிகாரி ஹைட்ரிஷ் 1931இல் அமைக்கத் தொடங்கிய அந்தப் பிரிவு நாஜிக் கட்சியின் உறுப்பு; பிரஷ்ய அரசின் ஆயுதப் பட்டியல் முறையில் அது முத்திரை குத்தியிருக்கும் என்று கருத எந்த ஆதாரமும் இல்லை. பிறகு கை மாறியது என்று சொல்ல வேண்டுமானால் அதற்குத் தனி ஆவணம் தேவை. அத்தகைய ஆவணம் இருந்தால் வியாபாரி முதலில் அதைத்தான் காட்டியிருப்பார்.

இன்னொரு வழியிலும் பார்க்கலாம். நாஜிக் காலத்தில் காவல்துறைக்கென்றே ஓபர்ன்டார்ஃபில் மவுசர் செய்த லூகர்கள் வேறு மாதிரி இருக்கும். மூட்டின் மேல் மவுசரின் பதாகைக் குறி, தோட்டா அறையின் மேல் 1939 முதல் 1942 வரையிலான ஆண்டுகளில் ஒன்று, ‘எல்’ எழுத்தோடு கூடிய காவல் கழுகு ஆகியவை அவற்றின் அடையாளங்கள். ராணுவத்துக்குச் சென்றவற்றிலோ, எஸ்/42, 42, பி.ஒய்.எஃப். என்று மாறிமாறி வந்த மறைகுறிகள் இருக்கும். நீலமலை காட்டுவது இந்த இரண்டிலும் சேராது.

போலிக்கும் ஒரு சோதனை சொல்கிறேன். கைப்பிடியின் முன்பட்டை விரல்கள் பதியும் இடம் என்பதால், நீலப்பூச்சு (எஃகைத் துருவிலிருந்து காக்கும் கருநீல மேற்பூச்சு) முதலில் தேய்வது அங்கேதான். முத்திரையின் விளிம்புகளும் அதே அளவில் மழுங்கியிருக்க வேண்டும். சுற்றியுள்ள பரப்பு வழவழவென்று தேய்ந்திருக்க, எழுத்துகள் மட்டும் கூர்மையாக, விளிம்பில் உலோகம் மேலெழும்பி, விரலில் தட்டுப்பட்டால் அது பின்னாளில் குத்தியது. பள்ளத்துக்குள் பளிச்சென்ற நிறம் தெரிந்தாலும் அப்படியே. உருப்பெருக்கியை வைத்துப் பக்கவாட்டில் ஒளி விழச் செய்து பாருங்கள்.

கடலோரம்

முத்திரைகளைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் விற்பனையைப் பற்றிச் சில சொற்கள் சேர்க்கிறேன். தயவுசெய்து எதையும் மெருகிட வேண்டாம், புதிதாக நீலப்பூச்சும் பூச வேண்டாம். பழைய தேய்மானம்தான் இந்த முத்திரைகளுக்குச் சாட்சி. அதை அழித்துவிட்டால் உண்மையான 374ம் போலியாகத் தோன்றும்.

அந்த முதியவரிடம் பழைய காகிதங்கள் உண்டா என்று கேளுங்கள். கைப்பற்றிய பொருளை ஊருக்கு எடுத்துச் செல்லலாம் என்று மேலதிகாரி கையெழுத்திட்ட சான்று, வரிசை எண்ணோடு கிடைத்தால், எந்த உளவுக் கதையையும்விட அது மதிப்பைக் கூட்டும். அமெரிக்க இறக்குமதியாளரின் பெயரும் ஊரும் எங்கேனும் பொறிக்கப்பட்டுள்ளனவா என்றும் பாருங்கள். 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வணிக முறையில் வந்தவற்றில்தான் அது இருக்கும். போர்வீரர் நேரடியாகக் கொண்டுவந்ததில் இருக்காது.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். பேச்சில் இவற்றை ‘பழம்பொருள்’ என்று சொன்னாலும், அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1898ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டவற்றையே அப்படி ஏற்கிறது. ஆகவே இவ்விரண்டும் சட்டத்தின் பார்வையில் முழுமையான துப்பாக்கிகளே. வேறு மாநிலத்தவருக்கு விற்பதானால் உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரி வழியாகவே விற்க வேண்டும்.

நீலமலை

அனைவருக்கும் நன்றி. முதியவரோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். வலப்பக்கத்தில் கிரீட எழுத்துகளும் கழுகும் இருக்கின்றன. குழல், சட்டகம் ஆகிய இரண்டிலும் எண்ணும் சாய்வெழுத்தும் ஒன்றே. முன்பட்டையில் எழுத்துகளின் விளிம்பு நன்றாக மழுங்கியிருக்கிறது. ஒன்று மட்டும் புரியவில்லை: லூகரின் மேகசின் (தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் பெட்டி) அடிப்பாகத்தில் துப்பாக்கியின் எண்ணோடு ‘2’ என்ற இலக்கம் தனியாக உள்ளது. உறையில் வேறு மேகசின் இல்லை.

பழந்தடம்

மிக நல்ல செய்தி. காவல்துறை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இரண்டு மேகசின்கள் கொடுத்து, அவற்றில் 1, 2 என்று குத்தியது. பேரரசு ராணுவத்தில் இரண்டாவதற்குக் கூட்டல் குறி இட்டார்கள். உங்களிடம் இருப்பது உறையின் பையில் வைக்கும் உதிரி. முதலாவது வழியில் எங்கோ தொலைந்திருக்கிறது. விளம்பரத்தில் ‘டுசெல்டார்ஃப் காவல்துறை, எண் ஒத்த இரண்டாம் மேகசினுடன்’ என்று எழுதச் சொல்லுங்கள். அந்த வரியைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.