கடலூர் முதல் கன்னியாகுமரி வரை காரில் 20 நாள்: ராத்தங்க மலிவான இடம் எது?

கெடிலக்கரை:
பணி ஓய்வு பெற்ற தம்பதி, இருவருக்கும் 60க்கு மேல். தை மாதம் கடலூரில் கிளம்பி சிதம்பரம், வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று கடலோரமாகவே போகத் திட்டம். ஏழு சீட் வண்டி, பின்சீட்டை மடக்கினால் இருவர் படுக்கலாம். தங்க நாளுக்கு 600 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. வெளிநாட்டு வீடியோக்களில் வருகிற மாதிரி கேம்ப்சைட் நம் பக்கம் உண்டா? முழங்கால் வலி இருப்பதால் வெஸ்டர்ன் டாய்லெட் அவசியம்.

உப்பங்கழி:
தண்ணீர்க் குழாய், கரண்ட், கழிவறையோடு காரை நிறுத்தித் தூங்கும் இடத்தை இந்த வழியில் எதிர்பார்க்காதீர்கள் சார். இங்கே அந்த வேலையைச் செய்வது கோயில் விடுதியும் சர்ச் விடுதியும்தான். அறநிலையத்துறை இணையதளத்தில் பல கோயில்களின் அறைகளை முன்பதிவு செய்யலாம். வேளாங்கண்ணியில் பேராலய விடுதி. வார நாளில் போங்கள், சனி ஞாயிறு நெருக்கடி.

பதிவு செய்யும் முன் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: தரைத்தளமா, டாய்லெட் எந்த வகை, வாடகை 24 மணி நேரக் கணக்கா அல்லது காலையில் காலி செய்ய வேண்டுமா. மூன்றாவதைக் கேட்காமல் இரவு ஒன்பதுக்குப் போய் இறங்கினால், முழு வாடகைக்குப் பாதி நாள்தான் கிடைக்கும். இருவரின் அசல் ஆதாரும் கையில் இருக்கட்டும்.

ரயில்வே ஓய்வறை மலிவுதான், ஆனால் பிஎன்ஆர் எண் இல்லாமல் பதிவாகாது. காரில் போகிறவர்களுக்கு அது உதவாது.

தேதிதான் முக்கியம். தை அமாவாசையன்று ராமேஸ்வரத்திலும் தைப்பூசத்தன்று திருச்செந்தூரிலும் அறை தேடி அலையாதீர்கள். மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்கள், பின்னாலேயே பொங்கல் விடுமுறை என்று கன்னியாகுமரி நிரம்பி வழியும். பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்த நாள்களில் அந்தந்த ஊரை விட்டு நூறு கிலோமீட்டராவது தள்ளி இருக்கும்படி போடுங்கள்.

பலாச்சுளை:
கல்யாண மண்டபத்தை மறந்துவிட்டீர்களே! காலியாக இருக்கிற நாளில் ஒரு ரூம் மட்டும் கேட்டால் கொடுப்பார்கள். காம்பவுண்டு, வாட்ச்மேன், குழாய் எல்லாம் உண்டு.

உப்பங்கழி:
ஆடியிலும் மார்கழியிலும் சரி. அவர் போவது தையில், முகூர்த்த மாதம். அதிகாலை நாலு மணிக்கு நாதஸ்வரம் கேட்டு எழ விருப்பமென்றால் போகலாம் :)

தென்னந்தோப்பு:
வண்டியிலேயே தூங்கப் போகிற இரவுகளுக்குச் சில விஷயம்.

இடம்: நெடுஞ்சாலையில் பெரிய பெட்ரோல் பங்க். அங்கேயே டேங்க் நிரப்பி, மேனேஜரிடம் கேட்டுவிட்டு, டேங்கர் லாரி இறக்கும் இடத்தை விட்டு ஓரமாக நிறுத்துங்கள். அங்கே அடுப்பு மூட்டவே கூடாது. இருட்டிய பிறகு போய்க் கேட்டால் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள், ஐந்தரைக்குள் போய்விடுங்கள். தனுஷ்கோடியில் இரவு தங்க விடமாட்டார்கள். கடற்கரை மணலில் வண்டியை இறக்காதீர்கள்: அமாவாசை, பௌர்ணமியில் அலை வழக்கத்தைவிட மேலே ஏறும், சக்கரமும் புதையும். தென்னை மரத்தடி வேண்டவே வேண்டாம். மட்டை விழுந்தாலே கண்ணாடி போச்சு.

காற்று: எதிரெதிர்க் கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்குங்கள். கொசுவலையைத் தலையணை உறை மாதிரி தைத்து, கதவைத் திறந்து மேலிருந்து மாட்டிவிட்டால் கண்ணாடியை எவ்வளவு இறக்கினாலும் கொசு வராது. ஒரு பக்கம் மட்டும் திறந்தால் மூச்சு ஈரம் வெளியே போகாமல் விடிகாலையில் உள்கண்ணாடி முழுக்கச் சொட்டும். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள், மெல்லிய போர்வை போதாது.

படுக்கை: சீட்டை மடக்கினாலும் நடுவில் பள்ளம் விழும். துணிப் பைகளை அதில் இறுக்கி அடைத்து, மேலே இரண்டு அங்குல ஃபோம். சரிவான தரை என்றால் தலை மேட்டுப் பக்கம்.

கெடிலக்கரை:
நன்றி சார். புழுக்கமாக இருந்தால் எஞ்சினை ஓட விட்டு ஏசி போடலாமா? சின்ன சிலிண்டர் எடுத்து வரலாமா?

தென்னந்தோப்பு:
ஏசி போட்டுத் தூங்காதீர்கள். புகைக்குழாயில் சின்னக் கசிவு இருந்தாலும் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். வாசனை இல்லை, தூக்கத்தில் தெரியாது. யூஎஸ்பி ஃபேன் போதும். 20,000 எம்ஏஎச் பவர்பேங்க்கில் 74 வாட்-ஹவர், சேதாரம் போக 60 கையில் நிற்கும். 5 வாட் ஃபேன் இரண்டு ஓடினால் ஆறு மணி நேரம். எனவே பவர்பேங்க் இரண்டு வேண்டும். 18 வாட் கார் சார்ஜரில் ஒன்று நிரம்பவே ஐந்து மணி ஆகும், நீங்களோ பகலில் மூன்று மணிதான் ஓட்டுவீர்கள். அறை எடுக்கிற நாளில் இரண்டையும் சுவரில் மாட்டி நிரப்பிவிடுங்கள்.

சிலிண்டர் 5 கிலோவே போதும். நிமிர்த்திக் கட்டுங்கள், படுத்த நிலையில் வேண்டாம். ஓட்டும்போது ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போடுங்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும், நீங்கள் படுப்பதும் அங்கேதான். ஆகவே இரவில் சிலிண்டர் வண்டிக்கு வெளியே.